பழைய நாடகம், இன்றைய சினிமா: தழுவல் திரைக்கதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

400 ஆண்டுப் பழைய நாடகத்தை எடுத்து இன்றைய கதையாக்குகிறார்கள். வாள் போய்த் துப்பாக்கி வருகிறது, அரண்மனை போய்க் கண்ணாடிக் கட்டடம் வருகிறது, அரசன் கம்பெனி முதலாளி ஆகிறான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் தொடங்கி அரை மணி நேரத்தில் பார்ப்பவருக்குள் ஒரு முணுமுணுப்பு: "இவ்வளவு தொல்லை என்றால் இந்தப் பெண் கிளம்பிப் போக வேண்டியதுதானே? ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிந்தது!" அது வந்த பிறகு யார் எவ்வளவு நன்றாக நடித்தும் பயனில்லை. பழைய கள், புது மொந்தை, அவ்வளவுதான்.

மேடை நாடகம் அடிப்படையில் ஆட்களை வெளியே போக விடாமல் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் கலை. அவர்களை நிறுத்தி வைப்பது ஒரு சட்டமாக இருக்கலாம். ரத்த உறவு, கடன், சபதம், போய்ச் சேராத கடிதம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை இங்கே 'பூட்டு' என்று சொல்லிக்கொள்வோம். தழுவல் என்பது அந்தப் பூட்டை இடம் மாற்றும் வேலை. உடை, ஊர், மொழி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் படி: உரிமையைப் பாருங்கள்

ஷேக்ஸ்பியர், பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் என்றால் சிக்கல் இல்லை. 1904இல் இறந்த ரஷ்யரான செகாவ், 1906இல் இறந்த நார்வேக்காரரான இப்சன் ஆகியோரின் மூல நாடகங்களும் பொதுச் சொத்து, யாரும் அனுமதியின்றி எடுத்தாளலாம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, இந்தியாவில் 60. அமெரிக்காவில் 1978க்கு முன் வெளியான படைப்புகளுக்கு, வெளியான ஆண்டை வைத்து அதிகபட்சம் 95 ஆண்டு என்று கணக்கு. அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் இறந்தது 1983இல், ஆர்தர் மில்லர் 2005இல். அவர்களின் நாடகங்களை அனுமதி இல்லாமல் தொட முடியாது.

பலரும் கோட்டை விடுவது வேறு இரண்டு இடங்களில். மூலம் பொதுச் சொத்தாக இருந்தாலும் நீங்கள் படித்த மொழிபெயர்ப்பு அப்படி இருக்காது. மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. பழைய மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்து வேலை செய்யுங்கள், அல்லது மூலமொழி தெரிந்தவரை வைத்துப் புதிதாக மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, முந்தைய படங்களிலிருந்து ஒட்டிக்கொண்டவை. ஸ்பெயின் மழையைப் பற்றிய புகழ்பெற்ற உச்சரிப்புப் பயிற்சி வரி பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் கிடையாது. 1938இல் வந்த படத்துக்காகச் சேர்த்தது. மேக்பெத்தின் மூன்று சூனியக்காரிகளை நூல் நூற்கும் ஒற்றைப் பேயாக மாற்றியது 'த்ரோன் ஆஃப் ப்ளட்' (1957) எடுத்த ஜப்பானிய இயக்குநர் குரோசவா. நினைவிலிருந்து எழுதினால் இவையெல்லாம் மூலத்தில் இருந்தவை போலவே உள்ளே நுழைந்துவிடும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு காட்சியையும் நாடகப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: பூட்டைக் கண்டுபிடியுங்கள்

நாடகத்தை மூன்று முறை படிக்க வேண்டும். முதல்முறை கதைக்காக. இரண்டாம் முறை ஒரே ஒரு கேள்வியோடு: இவர்கள் ஏன் விலகிப் போகவில்லை? ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஒரு வாக்கியத்தில் விடை எழுதுங்கள். "ஏனென்றால் அவன் கோபக்காரன்" என்பது விடை ஆகாது. அது குணம். பூட்டு ஆளுக்கு வெளியே இருக்கும்.

ஷேக்ஸ்பியரின் 'த டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தில் மூத்தவளுக்குத் திருமணம் ஆகாமல் இளையவளுக்கு ஆகக்கூடாது என்கிறார் தந்தை. முழு நாடகமும் அந்த ஒரு விதியில் தொங்குகிறது. 1999இல் வந்த 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ' படம் கதையை அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக்குக் கொண்டுபோனது. பள்ளி மாணவிகளுக்குத் திருமணப் பேச்சு ஒட்டாது. அதனால் விதியைத் துளி மாற்றினார்கள்: அக்கா ஒருவனோடு வெளியே போகும் வரை தங்கையும் போகக்கூடாது. கண்டிப்பான அப்பா அப்படியே இருக்கிறார், விதி இருக்கிறது, அதைச் சுற்றி நடக்கும் தகிடுதத்தமும் இருக்கிறது. எளிமையான தழுவல்தான், ஆனால் பாடப் புத்தகத்தில் வைக்கலாம்.

இன்னும் கடினமான உதாரணம் சோஃபக்ளிஸின் 'ஆன்டிகனி'. அண்ணனின் உடலை அடக்கம் செய்யக்கூடாது என்று அரசன் கட்டளையிடுகிறான், தங்கை மீறுகிறாள். இன்று எந்த அரசு அப்படிக் கட்டளை போடும்? 2019இல் சோஃபி தெராஸ்ப் இயக்கிய படம் கதையை மான்ட்ரியாலின் குடியேறிய குடும்பம் ஒன்றில் வைத்தது. ஓர் அண்ணன் போலீஸ் குண்டில் சாகிறான், இன்னொருவன் சிறையில் நாடுகடத்தலுக்காகக் காத்திருக்கிறான். ஆன்டிகனி ஆள்மாறாட்டம் செய்து அவன் இடத்தில் சிறையில் உட்கார்ந்துகொள்கிறாள். அடக்கம் என்ற செயலே மாறிவிட்டது. அரசின் சட்டமா, உடன்பிறப்பா என்ற பூட்டு மட்டும் 2,400 ஆண்டுகளுக்கு முன் இருந்தபடியே இருக்கிறது. பழைய நாடகங்கள் இன்றும் செல்லுபடியாவதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. கதை பழசாகிவிடுகிறது; அதே பூட்டைச் சமூகம் வேறு பெயரில் திரும்பவும் செய்துகொள்கிறது.

மூன்றாம் படி: வருகை-விலகல் அட்டவணை

மூன்றாவது வாசிப்பு கையில் பேனாவோடு. அச்சில் இருக்கும் அங்கம், காட்சிப் பிரிவுகளை நம்பாதீர்கள். ஒருவர் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஒரு கோடு போடுங்கள்; ஒவ்வொரு கோட்டுக்கும் இடைப்பட்டது ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு கட்டங்கள்: யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும், பார்வையாளருக்கு என்ன தெரியும், துண்டு முடியும்போது பூட்டு இறுகியதா தளர்ந்ததா.

எதுவும் இறுகாமல், யாருக்கும் புதிதாக எதுவும் தெரியாமல் முடியும் துண்டுகள் நிறைய வரும். அவற்றில் சில மேடையின் வசதிக்காக மட்டும் எழுதப்பட்டவை. மேக்பெத்தில் கொலை முடிந்ததும் குடிகாரக் காவல்காரன் வந்து வளவளவென்று பேசுகிறான். மேடையில் அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மேக்பெத் உள்ளே போய்க் கையிலிருக்கும் ரத்தத்தைக் கழுவி உடை மாற்றி வர வேண்டும். சினிமாவில் ஒரு கட் போதும். ஆக அந்தக் காட்சியைத் தூக்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். கதவு தட்டும் ஓசை கொலைகாரர்களின் நரம்பைப் பிடுங்குகிறதே, அந்த வேலையை வேறெதுவும் செய்யாது. காவல்காரன் போகட்டும், தட்டல் இருக்கட்டும்.

இந்த அட்டவணையிலிருந்துதான் சீன் ஆர்டர், அதாவது காட்சி வரிசை, பிறக்க வேண்டும். நேராக ஒன்லைன் (கதைச் சுருக்கம்) எழுதி அங்கிருந்து சீன் பிடிப்பவர்களுக்கு இரண்டாம் பாதியில் யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கு கட்டாயம் குழம்பும்.

நான்காம் படி: மாற்றுப் பொருள்கள்

நாடகத்தின் பொருளுக்கு இன்றைய இணையைத் தேடும்போது தோற்றத்தைப் பார்க்காமல் அது செய்யும் வேலையைப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ மனைவியைச் சந்தேகிக்க ஆதாரமாக நம்புவது ஒரு கைக்குட்டையை. அது செய்யும் வேலைகள் மூன்று. தொலைந்தால் உடனே தெரியாத அளவுக்குச் சின்னது. கணவன் கொடுத்த, அவன் குடும்பத்து அந்தரங்கப் பொருள். வேறொருவன் கையில் பார்த்தால் போதும், விளக்கமே தேவையில்லை. ஒத்தெல்லோவைத் தழுவிய ஜெயராஜின் 'களியாட்டம்' (1997) அதைப் பட்டுத்துணி ஆக்கியது. விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா' (2006) பரம்பரை இடுப்பணி ஆக்கியது. இரண்டிலும் மூன்று வேலையும் நடக்கிறது. இதைப் போனில் இருக்கும் போட்டோவாக மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். போட்டோவைச் சரிபார்க்கலாம், எப்போது எடுத்தது என்று கேட்கலாம். ஒத்தெல்லோவின் துயரமே அவன் சரிபார்க்காததுதான். சரிபார்க்கக்கூடிய பொருளைக் கொடுத்தால் அவன் வெறும் முட்டாளாகிவிடுவான்.

மேக்பெத்தின் சூனியக்காரிகளும் அப்படித்தான். அதைத் தழுவிய 'மக்பூல்' (2003) படத்தில் அவர்கள் ஊழல் போலீஸ்காரர்கள் இருவர், ஒருவர் ஜாதகக் கட்டம் வரைபவர். ஆரூடமும் சொல்கிறார்கள், அது பலிக்கத் தேவையானதையும் சத்தமில்லாமல் செய்துவைக்கிறார்கள். விதியா, சதியா என்ற சந்தேகம் மூலத்தை விடவும் கூடுகிறது. சத்யஜித் ராயின் 'கணசத்ரு' (1989) இப்சனின் 'மக்களின் பகைவன்' நாடகத்தில் மாசுபட்ட குளியல் நிலையத் தண்ணீரைக் கோயில் தீர்த்தமாக மாற்றியது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்லும் டாக்டரை இப்சனில் எதிர்ப்பது ஊரின் வருமானம். ராயிடம் வருமானத்தோடு பக்தியும் சேர்ந்துகொள்கிறது.

போன் பிரச்சினைக்குத் தனியாக உட்கார வேண்டும். ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று சொல்லும் கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேராததற்கு மூலத்தில் காரணம் கொள்ளைநோய்: கடிதம் கொண்டுபோன துறவியை நோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டில் அடைத்துவிடுகிறார்கள். பாஸ் லுர்மனின் 1996 படம் அதைக் கூரியர் ஆக்கியது. தபால் வரும்போது ரோமியோ அங்கே இல்லை, கைக்குப் போய்ச் சேரவில்லை. இன்று கூரியரும் செல்லாது. மிச்சமிருக்கும் வழிகள்: செய்தி வருகிறது, நம்பவில்லை; வருகிறது, தவறான ஆள் படிக்கிறார்; வருகிறது, படித்தும் ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் இருக்கிறார். "டவர் கிடைக்கவில்லை" என்பது கடைசிப் புகலிடம். ஒருமுறை பயன்படுத்தலாம், அதுவும் முதல் 20 நிமிடத்துக்குள் விதைத்திருந்தால்.

ஒரு பூட்டைப் பிரித்துப் பார்ப்போம்: 'பொம்மை வீடு'

1879இல் வந்த இப்சனின் 'பொம்மை வீடு' இன்றைக்கு மாற்றக் கடினமானது என்பார்கள். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலம். கணவனின் உயிரைக் காக்க நாயகி நோரா ரகசியமாகக் கடன் வாங்குகிறாள், ஜாமீனுக்குத் தந்தையின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்தின் தேதி அக்டோபர் 2. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் பிடித்துக்கொள்வது அந்த மூன்று நாளைத்தான்.

இன்று மனைவி தாராளமாகக் கடன் வாங்கலாம் என்பது சட்டத்தில் உள்ளது. ஆனால் சம்பளம் இல்லாத பெண்ணுக்கு எந்த வங்கி கொடுக்கும்? அன்று சட்டம் மறுத்ததை இன்று வருமானச் சான்று மறுக்கிறது. ஆக ஜாமீன்தாரர் வேண்டும், அது தந்தை. கையெழுத்துக்குப் பதில் ஓ.டி.பி. தந்தை இறந்து மூன்றாம் நாள், அவருடைய போன் மகள் கையில் இருக்கிறது, எண் வருகிறது, பதிகிறாள். நேரமும் தேதியும் சர்வரில் நிற்கிறது. குரோக்ஸ்டாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்தது கடிதப் பெட்டி. குரோக்ஸ்டாட்டின் மிரட்டல் கடிதம் பெட்டிக்குள் கிடக்கிறது, நோராவுக்குத் தெரியும், சாவி கணவனிடம். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. அதுதான் அந்தப் பொருளின் வேலை. இன்று அது பூட்டிய போன். சார்ஜில் கிடக்கும் கணவனின் போனில் மெயிலின் முதல் வரி மட்டும் திரையில் தெரிந்து அணைகிறது. அவன் விரல் பட்டால்தான் திறக்கும்.

இங்கேதான் சறுக்கும். நாடகத்தில் இரண்டாம் அங்கத்தின் முடிவில் நோரா தனக்கு மிச்சமிருக்கும் நேரத்தை எண்ணுகிறாள்: 31 மணி நேரம். எந்த மனிதனும் 31 மணி நேரம் போனை எடுக்காமல் இருக்க மாட்டான். காலத்தை நீட்டிவைக்கக் காரணம் தேடினால் கதை பொய்யாகிவிடும், காலத்தைச் சுருக்குவதுதான் சரி. வீட்டில் விருந்து, கணவன் விருந்தினர்களுக்கு நடுவில், போன் பக்கத்து அறையில் மினுங்குகிறது. நோரா ஆடிக்கொண்டே அவனை அறைக்குள் போக விடாமல் பிடித்துவைத்திருக்கும் 31 நிமிடம். அதை வெட்டில்லாமல் நிகழ்நேரத்தில் எடுக்கலாம் என்ற வாய்ப்பும் கூடவே வருகிறது. பூட்டு சரியாக மாறினால் இப்படி ஷாட்டும் தானாகக் கிடைக்கும்.

ஐந்தாம் படி: தனிமொழி

மேடையில் ஒருவன் தனியாக நின்று பேசுவதை எல்லோரும் ஏற்கிறார்கள். திரையில் அது உறுத்தும். உடனே கைக்கு வருவது வாய்ஸ் ஓவர். முகம் சோகமாக இருக்கும், குரல் "நான் சோகமாக இருக்கிறேன்" என்று சொல்லும். இரண்டில் ஒன்று வீண்.

தனிமொழி எந்த வகை என்று முதலில் பிரியுங்கள். முடிவெடுக்கும் தனிமொழி என்றால் செயலாக மாற்றுங்கள்: கதவைப் பூட்டுகிறான், நம்பரை அழிக்கிறான். பார்வையாளரைக் கூட்டாளி ஆக்கும் தனிமொழி என்றால் கேமராவைப் பார்க்கவிடுங்கள். 1995இல் வந்த 'மூன்றாம் ரிச்சர்டு' படத்தில் இயன் மெக்கெல்லன் தொடக்க வரிகளை விருந்து மேடையில் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கப் பேசுகிறார். பாதியில் காட்சி கழிப்பறைக்கு மாறுகிறது. அதே பேச்சு தொடர்கிறது, ஆனால் இப்போது தனக்குள். கண்ணாடியில் நம்மைப் பார்த்துவிடுகிறார், அங்கிருந்து நம்மிடம் பேசத் தொடங்குகிறார். பொதுமுகம் எது, உள்முகம் எது என்று வசனத்தில் ஒரு சொல்லும் மாற்றாமல் இடத்தை வைத்தே சொல்லியாயிற்று.

தன்னோடு தானே வாதாடும் தனிமொழிதான் கடினம். கென்னத் பிரானாவின் ஹேம்லட் (1996) அதைக் கண்ணாடி முன் பேசுகிறான். அந்தப் பக்கம் சிற்றப்பா ஒளிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தனிமை என்று அவன் நினைக்கும் இடம் கண்காணிப்பு அறை. தனிமொழிக்குள்ளேயே பூட்டைக் கொண்டுவந்துவிட்டார்.

ஆறாம் படி: மொழி

மூன்று வழி. மூல வரிகளை அப்படியே வைப்பது, அதன் பொருளைப் பேச்சுமொழியில் சொல்வது, புதிதாக எழுதுவது. முதல் வழிக்குப் போனால் பார்ப்பவர் காதுக்குப் பத்து நிமிடம் பழக நேரம் கொடுங்கள். லுர்மன் படத்தில் முன்னுரையை டிவி செய்தி வாசிப்பாளர் ஒருமுறை படிக்கிறார், பிறகு அதே வரிகள் வேறு குரலில், திரையில் எழுத்தோடு இன்னொரு முறை. கதைச் சுருக்கம் இரண்டு முறை சொல்லப்பட்டுவிட்டது, இனி சொல் புரியாவிட்டாலும் பயமில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு உள்ள ஆபத்து அடுக்குமொழி. கவிதை நாடகம் என்றதும் கை தானாக எதுகை மோனைக்குப் போகும். ஒரு பேச்சில் ஒரு உவமை என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் ஐந்து உவமை இருந்தால் அந்த நேரத்தில் பாத்திரத்துக்கு மிகவும் வலிப்பது எதுவோ அதை வையுங்கள். மற்றவை நடிகரின் முகத்துக்கும் ஒளிப்பதிவாளருக்கும்.

புகழ்பெற்ற வரி இருந்தால் அதற்கு ஒரு காரணத்தை உருவாக்குங்கள். மூலத்தில் ரிச்சர்டு போர்க்களத்தில் குதிரையை இழந்து கத்துகிறான். அதே ரிச்சர்டு படத்தில் ஜீப் சேற்றில் மாட்டிச் சக்கரம் சுற்றுகிறது, 1930களின் உடையில் இருக்கும் மனிதன் "ஒரு குதிரை!" என்று கத்துவது அந்த நொடியில் அபத்தமாக இல்லை.

ஏழாம் படி: எதை வெளியே கொண்டுபோவது

"நாடகத்தனமாக இருக்கிறது" என்ற பழிக்குப் பயந்து வீட்டுக்குள் நடக்கும் சண்டையைக் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். காற்று வருகிறது, இறுக்கம் போகிறது. 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' (1951) எடுத்தபோது எலியா கஸான் நேர்மாறாகச் செய்தார்: படம் போகப்போக செட்டின் சுவர்களை உள்ளே நெருக்கிக்கொண்டே வந்தார். வெளியே போகும் முன் ஒரு கேள்வி: அங்கே போனால் பார்வையாளருக்குப் புதிதாக ஏதாவது தெரியவருமா? இல்லையென்றால் அறையிலேயே இருங்கள்.

தூதுவன் வந்து சொல்லும் மரணங்களும் அப்படித்தான். காட்ட முடியும் என்பதற்காகக் காட்ட வேண்டியதில்லை. 'த்ரோன் ஆஃப் ப்ளட்' படத்தில் குரோசவா தலைவனின் கொலையைக் காட்டவில்லை. கணவன் உள்ளே போகிறான், கேமரா வெளியே காத்திருக்கும் மனைவியிடம் நிற்கிறது. அவளுடைய காத்திருப்புதான் காட்சி.

எட்டாம் படி: நீளமும் முடிவும்

ஹேம்லட்டை முழுதாக எடுத்தால் எவ்வளவு என்பதற்குப் பிரானா படமே சாட்சி: 242 நிமிடம். அதே நாடகத்தை 2000இல் மைக்கேல் ஆல்மரேடா இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தார். 1948இல் லாரன்ஸ் ஒலிவியர் ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன், ஃபோர்டின்பிராஸ் மூவரையுமே நீக்கினார். நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ் போனால் அரசியல் போய்க் குடும்பக் கதை மட்டும் மிஞ்சும். அது தெரிந்து வெட்டுங்கள். வரிவரியாகச் சுரண்டி எல்லோரையும் பாதியாக வைத்திருப்பதை விட ஒரு கிளைக்கதையை முழுதாகத் தூக்குவது மேல்.

முடிவை மென்மையாக்கச் சொல்லித் தயாரிப்பாளர் கேட்பார். இது புதிதல்ல. ஜெர்மன் மேடைக்காக 1880இல் நோரா வீட்டை விட்டுப் போகாத மாற்று முடிவை இப்சனே எழுத வேண்டியிருந்தது. அதை அவர் கடைசிவரை வெறுத்தார். 'கணசத்ரு'வில் ராய் தன் டாக்டரைத் தனியாக விடாமல் இளைஞர் கூட்டத்தின் ஆதரவோடு முடித்தார். மனதுக்கு இதம்தான், ஆனால் தனியாக நிற்பவனே வலியவன் என்ற இப்சனின் கசப்பு அங்கே கரைந்துபோகிறது. மாற்றலாம், பூட்டைத் திறப்பது யார் என்பதை மட்டும் வெளியாளிடம் கொடுக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: வாசித்துக் காட்டுதல்

பவுண்ட் ஸ்கிரிப்ட் (இறுதித் திரைக்கதைப் பிரதி) ஆவதற்கு முன் முழுதாக ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கை நம்பாமல் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். நாடக வசனம் நிறைந்த பக்கம் அதில் அடங்காது. கேட்க எட்டுப் பேர் போதும். அதில் ஆறு பேருக்கு மூல நாடகம் தெரியாமல் இருக்க வேண்டும், நீங்களும் பெயரைச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு தாள். "இவர் ஏன் போகவில்லை?" என்று தோன்றும் இடத்தில் ஒரு கோடு. "ஏன் கேட்கவில்லை?" என்று தோன்றினால் ஒரு வட்டம்.

கோடுகள் ஒரே இடத்தில் குவிந்தால் பூட்டு தளர்வு, இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும். வட்டங்கள் குவிந்தால் நான்காம் படியில் பொருளோ செய்தியோ தவறு. நாடகம் தெரிந்த அந்த இருவரின் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள். எது விடுபட்டது என்று அவர்கள் நீளமாக எழுதியிருப்பார்கள். மற்ற ஆறு தாளும் சுத்தமாகும் வரை அதைப் பிரிக்க வேண்டாம்.